எனக்கும் உண்டா?

தேரிக்காட்டின் ஓரத்தில், சாகப் போகிறவர்களுக்கென்று ஒரு இல்லம் இருந்தது. இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்தவர்கள், வீட்டில் வைத்துப் பார்க்க ஆளில்லாதவர்கள், வீடே இல்லாதவர்கள் எல்லாம் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஓடு வேய்ந்த நீளமான ஒரே கட்டடம். சுற்றிலும் சிவந்த மணல். காற்றடித்தால் கட்டில் விரிப்புகளின் மேல் செம்மண் படியும்.

அதை நடத்தி வந்தவர் ரூபவதி. திருச்சபையில் முறைப்படி குருப்பட்டம் பெற்றவர். நாற்பதைக் கொஞ்சம் தாண்டியிருப்பார். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அவரை ஆயரம்மா என்றார்கள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லமாட்டார் என்று அவர்மேல் ஒரு குறை உண்டு. ஆனாலும் கேட்பதற்கு ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் அருமைநாயகம்.

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயரம்மாவைவிட வயதில் எவ்வளவோ மூத்தவர். மனைவி காலமான பிறகு, ஒருநாள் காலை பஸ்ஸில் தகரப்பெட்டியோடு வந்து இறங்கினார். அவ்வளவு தூரம் பயணம் செய்தும் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது.

"ஆயரம்மா, உங்ககிட்ட சீடனா இருக்கலாம்னு வந்திருக்கேன்."

ரூபவதிக்குச் சிரிப்பு வந்தது. "நீங்க எனக்கு அண்ணாச்சி மாதிரி இருக்கீங்க."

"வயசு கிடக்கட்டும். எனக்கு ஒரு கேள்வி இருக்கு. பல பேர்கிட்ட கேட்டுப் பாத்துட்டேன்."

"சொல்லுங்க, அண்ணாச்சி."

"நான் ரட்சிக்கப்பட்டவன்தானா? அதை எப்படித் தெரிஞ்சுக்கிடுறது?"

ரூபவதி அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உங்க அம்மா பேரு என்ன?"

"அன்னபாக்கியம்."

"அவங்கதான் உங்களைப் பெத்தாங்கன்னு எப்படித் தெரியும்?"

அருமைநாயகம் முகத்தைச் சுளித்தார். "அவங்களே சொன்னாங்க."

"நம்பிட்டீங்களா?"

"ஆயரம்மா, அது வேற, இது வேற."

"சரி," என்றார் ரூபவதி. "பயணக் களைப்பு இருக்கும். கொஞ்ச நாள் சும்மா இருங்க."

ஆனால் சும்மா இருப்பதுதான் அருமைநாயகத்துக்கு வராது. மறுநாள் விடிவதற்குள் எழுந்து கழிவறைகளைக் கழுவிவிட்டார். அடுத்த நாள் படுக்கைப் புண்களைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டார். ஒரு மாதத்துக்குள் அந்த இல்லத்தில் அவர் கை படாத வேலை இல்லை. சீழைக் கண்டு முகம் சுளிக்கமாட்டார். யாரும் கூப்பிடுமுன் போய் நிற்பார். கட்டில்கள் ரயில்பெட்டிகளைப் போல ஒரே நேர்க்கோட்டில் நின்றன.

ஒன்றே ஒன்றை மட்டும் அவர் செய்யவில்லை.

மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை ரூபவதி கட்டில் கட்டிலாகத் திருவிருந்து கொண்டுபோவார். தட்டில் அப்பம், கிண்ணத்தில் திராட்சரசம். எழுந்து உட்கார முடியாதவர்களின் தலையை அருமைநாயகம் தாங்கிப் பிடிப்பார். கடைசிக் கட்டில் முடிந்ததும் ரூபவதி அவர் பக்கம் திரும்புவார். அருமைநாயகம் தலையை அசைத்துவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி நிற்பார்.

ஒருமுறை ரூபவதி கேட்டார். "ஏன், அண்ணாச்சி?"

"மனசு இன்னும் சுத்தமாகல. சுத்தமாகட்டும், வாங்கிக்கிடுதேன்."

"எப்ப ஆகும்?"

"நான் கார்டா இருந்தவன், ஆயரம்மா. கடைசிப் பெட்டி வரைக்கும் எல்லாம் சரியா இருக்கான்னு பாக்காம பச்சைக்கொடி காட்டினதே இல்லை."

ரூபவதி தட்டைத் துணியால் மூடி உள்ளே எடுத்துச் சென்றார்.

தன் மனதில் சுத்தமாகாமல் கிடந்தது என்ன என்பதை அருமைநாயகம் அங்கே யாரிடமும் சொன்னதில்லை.

அவருக்கு எட்வின் என்று ஒரு மகன் இருந்தான். ஒரே மகன். ஊர்க் கோவிலில் எல்லோருக்கும் சோறு போடும் அசனப் பண்டிகை நாளில், கூட்டாளிகளோடு சேர்ந்து உடைமரக்காட்டில் விற்ற சாராயத்தைக் குடித்தான். அதற்கு முன் அவன் குடித்ததில்லை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அந்தச் சாராயத்தில் ஏதோ ஸ்பிரிட்டைக் கலந்திருந்தார்கள். குடித்தவர்களில் சிலருக்குக் கண் போனது. சிலருக்கு உயிரே போனது. எட்வினுக்கு முதலில் கண் போனது.

அருமைநாயகம் அன்று வண்டியில் இருந்தார். செய்தி கிடைத்து, பாதி வழியில் இறங்கி, ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது நடுப்பகல். ஜன்னல் வழியாக வெயில் கட்டில்மேல் அடித்துக்கொண்டிருந்தது. அப்பாவின் குரலைக் கேட்டதும் எட்வின் திரும்பினான்.

"அப்பா, லைட்டைப் போடுங்கப்பா," என்றான்.

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

சாராயம் காய்ச்சியவன் பெயர் மாசிலாமணி. கோர்ட்டில் வைத்து அருமைநாயகம் அவனைப் பார்த்திருக்கிறார். வாட்டசாட்டமான ஆள். மீசையை ஒதுக்கிவிட்டபடி நின்றான். ஜெயிலுக்குப் போனான். எப்போது வெளியே வந்தான், எங்கே போனான் என்று அருமைநாயகம் விசாரித்ததில்லை. விசாரித்தால் தேடிப் போய்விடுவோம் என்று அவருக்கு அவர்மேலேயே பயம்.

மழைக்காலம் தொடங்கும் சமயம், ஒரு ஆட்டோவில் ஒருவரை ஏற்றி வந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். வயிறு வீங்கி, கை கால் குச்சியாகி, கண்கள் மஞ்சளாகிப் போயிருந்தன. ஈரல் கெட்டுவிட்டது, சில வாரங்கள் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்.

"பேரு என்ன?" என்று ரூபவதி கேட்டார்.

"மாசிலாமணி," என்றது அந்த உடம்பு.

தண்ணீர் வாளியோடு வந்துகொண்டிருந்த அருமைநாயகம் நின்றுவிட்டார். மீசை நரைத்திருந்தது. முகம் பாதியாகச் சுருங்கியிருந்தது. ஆனால் அவனேதான்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். நேராக வந்தார். அவனைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார். உடம்பைத் துடைத்தார். புதுச்சட்டை மாட்டிவிட்டார்.

அன்று முதல் அந்தக் கட்டிலை அவரே எடுத்துக்கொண்டார். வேறு யாரையும் கிட்டே விடவில்லை. இதுதான் பரீட்சை என்று அவருக்குப் பட்டது. இவனுக்கு இதைச் செய்து முடித்தால் மனசு சுத்தமாகிவிடும். செய்ய முடிகிறதே, அதுவே பாதி சுத்தம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஒருநாள் ரூபவதி பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, இந்தக் கட்டிலை வேற ஆள் பாத்துக்கிடட்டுமே."

"ஏன்? நான் சரியாத்தானே செய்யுதேன்?"

"சரியாத்தான் செய்யுதீங்க. ஆனா இவரைத் துடைக்கையில மட்டும் பல்லைக் கடிக்கீங்க."

அருமைநாயகம் துணியைப் பிழிந்தார். "நான்தான் பாக்கணும், ஆயரம்மா."

மாசிலாமணிக்குத் தூக்கம் வருவதில்லை. கண்ணை மூடினால் ஆட்கள் வந்து சுற்றி நிற்கிறார்கள் என்பான். பகலிலேயே நடுங்குவான். ஜன்னலைச் சாத்தச் சொல்வான். பிறகு, சாத்தினால் இருட்டாக இருக்கிறது என்று திறக்கச் சொல்வான். அருமைநாயகம் சாத்துவார், திறப்பார். அவன் நடுங்குவதைப் பார்க்கும்போது அவருக்குள் ஏதோ ஒன்று நிம்மதியடைந்தது. அந்த நிம்மதி அவருக்கே பிடிக்கவில்லை.

ஒருநாள் உச்சி நேரம். அருமைநாயகம் வெந்நீர்ப் பாத்திரத்தோடு வந்தபோது உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. அவர் நிலைப்படியிலேயே நின்றார். ரூபவதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஆயரம்மா," என்றான் மாசிலாமணி. "நீங்க பக்கத்துக் கட்டில்காரர்கிட்ட அன்னைக்குச் சொல்லிக்கிட்டிருந்தீங்களே. மன்னிப்பு, ரட்சிப்பு, அதெல்லாம். எனக்கும் உண்டா?"

"உண்டு."

"நான் யாருன்னு தெரியாமச் சொல்லுதீங்க."

"யாருன்னு சொல்லுங்க."

அவன் சொன்னான். விட்டு விட்டு, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான். சாராயம், கலந்தது, செத்தவர்கள். பணத்தாசையில் செய்தேன் என்றான். கலக்கும்போதே தெரியும் என்றான். ஜெயிலில் இருந்தபோதுகூட ஒருநாளும் அழவில்லை, மாட்டிக்கொண்டோமே என்றுதான் வருத்தம் என்றான். எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

"இப்பச் சொல்லுங்க. இப்பவும் உண்டா?"

"உண்டு."

மாசிலாமணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுக்கு நான் என்ன செய்யணும்? எந்திரிச்சு உக்காரக்கூட என்னால முடியாதே."

"நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுமில்லை. செய்ய வேண்டியதைச் சிலுவையில அவரே செஞ்சு முடிச்சிட்டார். உங்களுக்காகத்தான் செஞ்சார்னு நம்புங்க. அது போதும்."

"சும்மாவா?"

"உங்களுக்குச் சும்மா."

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கண்ணின் ஓரத்திலிருந்து நீர் இறங்கி காதுப் பக்கம் ஓடியது.

"சரி," என்றான். "நம்புதேன்."

அவ்வளவுதான். ரூபவதி அவன் நெற்றியில் கைவைத்து ஜெபித்தார். ஜெபம் முடிவதற்குள் மாசிலாமணி தூங்கிவிட்டான். சாயங்காலம் வரை தூங்கினான். வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுக்கொண்டு, பால் குடித்த பிள்ளையைப் போலத் தூங்கினான்.

அருமைநாயகத்தின் கையில் வெந்நீர் ஆறிப்போயிருந்தது.

அதன் பிறகு வந்த நாட்கள்தான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தன. வியாதி குறையவில்லை. வயிறு இன்னும் வீங்கியது. ஆனால் அந்த ஆள் மாறிப்போனான். நடுக்கம் நின்றுவிட்டது. ஜன்னல் திறந்தே கிடந்தது. பக்கத்துக் கட்டில்காரருக்கு வலி கூடினால் இவன் படுத்தபடியே அவருக்காக ஜெபித்தான். ஜெபிக்கும்போது "அப்பா" என்று கூப்பிட்டான். ஏதோ அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டான். கஞ்சி கொடுத்தால் நன்றாக இருக்கிறது என்றான். ஒருநாள் சிரிக்கக்கூடச் செய்தான்.

அருமைநாயகத்துக்கோ வருஷக்கணக்காகவே சரியான தூக்கம் இல்லை. தனக்குக் கிடைக்காத தூக்கம் அவனுக்குக் கிடைத்துவிட்டதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

ஒருநாள் பொழுது சாயும் நேரம், ரூபவதி வெளியே துவைத்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். அருமைநாயகம் வந்து எதிரே நின்றார்.

"அவனுக்கு உண்டுன்னு சொன்னீங்களே. எப்படிச் சொன்னீங்க?"

"இருக்கு. சொன்னேன்."

"அவன் ஒரு நல்லது செஞ்சிருக்கானா? ஒண்ணாவது?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை."

"நான் இங்க வந்து எவ்வளவோ செஞ்சிருக்கேன். கழுவினேன், துடைச்சேன், புண்ணுக்குக் கட்டுப் போட்டேன். அதெல்லாம் அப்ப எதுக்கு?"

"அவங்களுக்கு வலி குறைஞ்சுது, அண்ணாச்சி. அதுக்குத்தான்."

அருமைநாயகம் குரலை உயர்த்தவில்லை. கோபம் வந்தால் அவர் குரல் தாழ்ந்துபோகும்.

"அவன் சாராயத்தில செத்தவங்கள்ல ஒருத்தன் என் மகன்."

ரூபவதியின் கையிலிருந்த விரிப்பு அப்படியே நின்றது. அதை மடிக்காமலே கொடியில் போட்டார். பிறகு செம்மணலில் உட்கார்ந்தார்.

"பேரு என்ன?"

"எட்வின்."

"எட்வின்," என்று அவர் மெல்லச் சொல்லிக்கொண்டார்.

அருமைநாயகம் நின்றபடியே பேசினார். "கடவுள் மன்னிச்சிட்டார்னு சொல்லுதீங்க. யாரைக் கேட்டு மன்னிச்சார்? செத்தது என் பிள்ளை. என்கிட்ட கேட்டாரா? பிள்ளையைப் பறிகொடுத்தவன் நான். அவருக்கு என்ன போச்சு?"

தூரத்தில் பனைகளுக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது.

"அவரும் பிள்ளையைச் சாகக் கொடுத்தவர்தான், அண்ணாச்சி."

அருமைநாயகம் திரும்பித் தன் அறைக்குப் போனார்.

விடிந்ததும் தகரப்பெட்டியை எடுத்து வைத்து உடுப்புகளை அடுக்கினார். காலை பஸ்ஸுக்குப் போய்விடுவது என்று முடிவு. ரூபவதியிடம் சொல்லிக்கொள்ள வந்தார். அவர் தடுக்கவில்லை.

"போயிட்டு வாங்க. உங்களுக்கு எது நிம்மதியோ அதைச் செய்யுங்க," என்றார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

வாசலுக்குப் போக வேண்டுமென்றால் கட்டில்களைத் தாண்டித்தான் போகவேண்டும். மாசிலாமணி அவர் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தான்.

"ஐயா, போறீங்களா?"

அருமைநாயகம் நடந்துகொண்டிருந்தார்.

"நீங்க எட்வினோட அப்பான்னு எனக்குத் தெரியும், ஐயா."

அவர் நின்றார். திரும்பவில்லை.

"கோர்ட்டில உங்களைப் பாத்திருக்கேன். இங்க வந்த அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏன் வாயைத் திறக்கல?"

"சொன்னா தண்ணி தரமாட்டீங்களோன்னு பயந்தேன்." மாசிலாமணி மூச்சு வாங்கினான். "இப்ப அந்தப் பயம் இல்லை. ஆனா உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வாய் வரமாட்டேங்குது. கடவுள்கிட்டக் கேக்குறது லேசா இருந்துச்சு, ஐயா. அவர் மூஞ்சி எனக்குத் தெரியாது. உங்க மூஞ்சியைத் தினமும் பாக்கேன்."

அருமைநாயகம் பெட்டியைக் கீழே வைத்தார். வந்து அவன் கட்டிலருகே நின்றார். அப்போது அவர் என்ன செய்யப்போகிறார் என்று அவருக்கே தெரியாது. இவ்வளவு காலமும் அவனிடம் சொல்லவென்று சேர்த்து வைத்திருந்த சொற்களில் ஒன்றுகூட நாக்கில் வரவில்லை. வந்தது வேறு.

"சாகும்போது அவனுக்குக் கண் தெரியல," என்றார். "பட்டப்பகல். என்னை லைட்டைப் போடச் சொன்னான்."

மனைவியிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை.

மாசிலாமணி கையால் முகத்தை மூடிக்கொண்டான். அழுகைச் சத்தம் வெளியே வரவில்லை. வயிறு மட்டும் குலுங்கியது. குலுங்கக் குலுங்க வலித்திருக்க வேண்டும். வலியில் முனகினான். முனகியபடியே அழுதான்.

அருமைநாயகம் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரும் அழுதார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் அழுதார்கள்.

வெளியே பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்து, புறப்பட்டுப் போனது.

"தண்ணி வேணுமா?" என்று கேட்டார் அருமைநாயகம்.

மாசிலாமணி தலையசைத்தான். அவர் டம்ளரை எடுத்து அவன் வாயில் வைத்தார்.

அடுத்து வந்த நாட்களில் அவர்கள் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. மாசிலாமணிக்குப் பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் காலை, கஞ்சி வேண்டாமென்றான். ரூபவதியைக் கூப்பிடச் சொன்னான்.

"ஆயரம்மா, திருவிருந்து குடுப்பீங்களா? அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் இருக்கமாட்டேன்."

ரூபவதி தட்டையும் கிண்ணத்தையும் எடுத்து வந்தார். மாசிலாமணியால் தலையைத் தூக்க முடியவில்லை. அருமைநாயகம் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அந்தத் தலை இலேசாக இருந்தது. இவ்வளவு இலேசாக இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

ரூபவதி அப்பத்தைப் பிட்டு, ரசத்தில் நனைத்து, மாசிலாமணியின் நாக்கில் வைத்தார். அவன் மெல்ல மென்றான். விழுங்குவதற்கு நெடுநேரம் ஆனது. விழுங்கியதும் கண்ணைத் திறந்து மேலே பார்த்தான்.

"ஐயாவுக்கு?"

அருமைநாயகம் அவன் வாயோரத்தைத் துடைத்தார்.

"ஐயாவுக்குக் குடுக்கலையா, ஆயரம்மா?"

"நான் வாங்குறதில்லை," என்றார் அருமைநாயகம்.

"ஏன்?"

"மனசு சரியில்லை."

மாசிலாமணி அதை யோசித்தான். "எனக்கு எது சரியா இருக்கு, ஐயா?" என்றான். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவனைப் போலக் கேட்டான்.

பிறகு அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. முகத்தில் பயம் ஏதும் இல்லை. ஜன்னல் வழியாக வந்த வெயில் அவன் மார்பில் விழுந்துகொண்டிருந்தது.

ரூபவதி தட்டோடு அங்கேயே நின்றார். எப்போதும் போல அருமைநாயகத்தின் பக்கம் திரும்பினார். இந்தமுறை அவரால் பின்னால் தள்ளி நிற்க முடியவில்லை. மடியில் தலை இருந்தது.

"ஆயரம்மா, நான் இன்னும் இவனை முழுசா மன்னிக்கல."

"தெரியும்."

"நாளைக்கு மறுபடியும் கோபம் வரும்."

"வரும்."

"இந்த மனசை வச்சுக்கிட்டு எப்படி வாங்குறது?"

"கையை நீட்டுங்க, அண்ணாச்சி."

அருமைநாயகம் மடியில் கிடந்த முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் அந்த முகத்துக்கு மேலாக நீட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தார். ரூபவதி அப்பத்தைப் பிட்டு வைத்தார். "உங்களுக்காக," என்றார்.

அந்தத் துண்டு மிகச் சிறியதாக இருந்தது. அருமைநாயகம் அதை வாயில் போட்டுக்கொண்டார். ரூபவதி கிண்ணத்தை அவர் உதட்டருகே கொண்டுவந்தார். குடித்தார்.

வெகுநேரம் கழித்து அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவுதானா, ஆயரம்மா?"

"இவ்வளவுதான், அண்ணாச்சி. இதுதானே இத்தனை நாளா உங்களால செய்ய முடியாம இருந்துச்சு."